ஏடிஎச்டி: எம்டிஏ ரத்தச் சோதனை தேவைங்களா?

கேள்வி (ஈரோடு): பையனுக்கு 9 வயசு, ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்புக் குறைபாடு). ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஆக்சிஜன் வினையால செல்லுக்கு வர்ற சேதம்) தெரிய எம்டிஏ (மாலன்டையால்டிஹைடு) பார்க்கலாமுங்களா? வைட்டமின் ஈ குடுக்கலாமா?

பதில்: வேண்டாமுங்க. எம்டிஏ கொழுப்பு சிதைஞ்சு வர்ற பொருள். வழக்கமான டிபிஏ முறை (தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து வர்ற நிறத்தை அளக்கறது) அதை மட்டும் அளக்காது. சர்க்கரை, பிலிருபின்கூட நிறம் குடுக்கும். ஊசில ரத்த அணு உடைஞ்சா அளவு பொய்யா ஏறும். ஆய்வு முடிவுகளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. கண்டறியறது நடத்தையை வெச்சுத்தான்: கவனக்குறைவு, துறுதுறுப்புன்னு ரெண்டு பட்டியல்ல ஒண்ணுலயாவது 9 அறிகுறில குறைஞ்சது 6, குறைஞ்சது 6 மாசம், 12 வயசுக்கு முன்னாடியே தொடக்கம், வீடு பள்ளி ரெண்டுலயும். வைட்டமின் ஈ கொழுப்புல தங்கும், நீங்களா குடுக்காதீங்க.

பதில்: அந்தக் காசுக்கு பெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பைக் காட்டுற ரத்தச் சோதனை) பாருங்க. காய்ச்சலப்ப எடுத்தா அளவு ஏறி இரும்பு குறைவு மறைஞ்சுரும். இரும்பு உடம்புல சேர, சோத்தோட டீ வேண்டாம், நெல்லிக்காய் நல்லது.

பதில்: ஏடிஎச்டிக்குக் குடுக்கற மெத்தில்பெனிடேட் மாத்திரைன்னா மத்தியானம் பசிக்காதுங்க. கம்பஞ்சோறோ இட்லியோ, மாத்திரைக்கு முன்னாடியே வயிறு நிறையட்டும். எடையோட உயரமும் 6 மாசத்துக்கொருக்கா குறிச்சு வைங்க.