குழாய்க்கிணறு வேண்டாம், இருக்கிற கிணற்றை இறைப்போம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

நான் யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊருக்கு வந்து பத்து நாள். அதில் நாலு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. வெறும் வாளிகளின் வரிசையைப் படம் எடுத்துப் போட்டதும் நான்தான். அதைப் பார்த்துப் பதறி, கோயில் வளவில் குழாய்க்கிணறு அடிக்க நீங்கள் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டீர்கள். எங்கள் ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் தம்பி கோபிக்கக்கூடாது, அந்தக் காசைக் கொஞ்சம் பிடித்து வையுங்கோ.

நடந்தது இதுதான். வீதி வேலைக்கு வந்த பெக்கோ, அதுதான் மண் தோண்டுகிற இயந்திரம், பெரிய குழாயைக் கிழித்துவிட்டது. முதல் நாள் யாருக்கும் விஷயம் தெரியாது, மேல்தாங்கியில் இருந்ததைத் தாராளமாகச் செலவழித்தோம். அடுத்த நாள் தண்ணீர்க் கந்தோருக்கு போன் எடுத்தேன். பேசிய பிள்ளை மழுப்பவில்லை: பொருத்துகிற துண்டு வெளியிலிருந்து வரவேணும், பின்னேரம் தண்ணீர் லொறி, பவுசர், வரும் என்றார். பவுசரும் வந்து வாசிகசாலைச் சந்தியில் நின்றது. ஆனால் எழுபது வயதுப் பெரியம்மா இருபது லீற்றர் கானை அங்கிருந்து எப்படித் தூக்குவா? இளம் ஆட்கள் எல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் அல்லவா இருக்கிறோம். அடுத்த வீட்டுப் பெடியன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

எனக்கு உறைத்தது வேறு. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. குழாய் வந்த பிறகு ஒருவரும் இறைக்கவில்லை. ஒன்றில் பலாச் சருகு, ஒன்றுக்கு மேலே தகரம், ஒன்றில் மோட்டர் இறுகிப்போயிருக்கிறது. அள்ளலாம் என்று பார்த்தால் ஒரு வீட்டிலும் வாளிக்கயிறு இல்லை! துலா மிதித்துக் கிணறு இறைத்த ஊரப்பா இது.

குழாய்க்கிணறு ஏன் வேண்டாம் என்கிறேன்? எங்கள் நல்ல தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள், உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை உறிஞ்சிக் குறைத்தால் கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறப் பார்க்கும். வெடிப்பும் பொந்துமான கல்லில் இன்னும் சுலபமாக ஏறும். நிலாவரைக் கிணற்றை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஆழத் துளைத்துப் பெரிய மோட்டர் போட்டால் கோயில் கிணறு மட்டுமல்ல, சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெடும். பக்கத்துத் தீவுகளில், தீவகத்தில், இருக்கிற ஆட்களைக் கேளுங்கள், உவர்த் தண்ணீரோடு வாழ்வது என்னவென்று சொல்வார்கள்.

வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத குடாநாடு எங்களுடையது. கிளிநொச்சியில் இருக்கிற இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவருகிற திட்டம் அங்கத்தை விவசாயிகளின் எதிர்ப்பில் நின்றது. அவர்களின் நியாயமும் நியாயம்தான். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. நல்ல விஷயம். ஆனாலும் அப்படி வருகிற தண்ணீருக்குக் கரண்டும் வேணும், நீளமான குழாயும் வேணும். ஒரு பெக்கோ போதும் நிறுத்த.

ஆகவே என் யோசனை: ஐப்பசி மழைக்கு முன்னம், தண்ணீர் இறங்கி நிற்கிற நேரத்தில், ஒழுங்கைக்கு இரண்டு கிணறாவது இறைத்துச் சேறு வாருவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. ஐயாவிடம் அளவு கேட்டுக் குளோரின் போடுவோம். குடிக்க முன்னம் பரிசோதனை கட்டாயம். தோட்ட உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று என்கிற உப்பு கூடின கிணறுகள் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் நிறைய, அது காய்ச்சினாலும் போகாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. தேறாத கிணற்றுத் தண்ணீர் குளிக்க, கழுவ உதவும்.

ஊரில் தாய் தகப்பன் உள்ளவர்களுக்கு ஒன்று: தண்ணீர் திரும்பி வரும்போது முதலில் காற்றும் கலங்கலும் வரும். தெளியும்வரை முற்றத்துக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள், நேரே தாங்கிக்குள் விடவேண்டாம்.

தலைவர் அண்ணா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை எடுங்கோ. கப்பி இரண்டும் கயிறு 60 அடியும் நேற்றே வாங்கிவிட்டேன். பற்றுச்சீட்டு தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.