டிரைவர்ல பிழையே இல்ல, ஆனா கெர்னல் மாத்தினதும் டெஸ்ட் எல்லாம் சிவப்பு. என்ன பண்ணலாம்?

நள்ளிரவு_நிரலர்:

வணக்கம். லினக்ஸ் கெர்னலோட மெயின்லைன்ல (அதிகாரபூர்வ சோர்ஸ்ல) சேராத ஒரு பிளாக் டிரைவரை (டிஸ்க் மாதிரி சாதனத்துக்கான டிரைவர்) எங்க குழு பராமரிக்குது. டெஸ்ட் எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட். கியூஎமு-ங்கிற மெய்நிகர் மெஷின்ல கெர்னலை பூட் பண்ணும், மாட்யூலை ஏத்தும், எழுதும், படிக்கும், வேணும்னே ஐ/ஓ பிழையைத் திணிக்கும், கடைசியில மாட்யூலைக் கழட்டிட்டு டிமெஸ்கை (கெர்னல் லாக்) கிரெப் பண்ணிப் பார்க்கும். கெர்னல் 5.15-ல ஒழுங்கா ஓடிட்டிருந்தது. 6.1-க்கு மாத்தினதும் பாதிக்கு மேல சிவப்பு. ஒவ்வொண்ணா தோண்டினா டிரைவர்ல கோளாறே இல்ல, டெஸ்ட்தான் உடைஞ்சிருக்கு.

லாக் வரியைத் தேடுற டெஸ்ட் முதல்ல போச்சு. "பிஎல்கே_அப்டேட்_ரிக்வெஸ்ட்: ஐ/ஓ எரர்"னு தேடினோம், புது கெர்னல்ல முன்னாடி வர்ற அந்தப் பேரே காணோம். பிஎல்கே_அக்கவுண்ட்_ஐஓ_ஸ்டார்ட் மேல கேப்ரோப் (ஓடுற கெர்னல் ஃபங்ஷன்ல மாட்டுற கண்காணிப்புக் கொக்கி) வெச்ச டெஸ்ட், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லைங்குது. "ஸ்லீப் 2" போட்டுட்டு சரிபார்க்கிறதெல்லாம் என் மெஷின்ல பச்சை, சிஐ-ல (தானா டெஸ்ட் ஓட்டுற சர்வர்ல) ஒருநாள் பச்சை ஒருநாள் சிவப்பு. இன்னொண்ணு ரொம்ப விசித்திரம்: தனியா ஓட்டினா தேறுது, மொத்த வரிசையோட ஓட்டினா தோக்குது. பிளாக் லேயர்ல (கெர்னல்ல டிஸ்க் ரிக்வெஸ்டைக் கையாளுற பகுதி) இருந்து ஒரு வார்னிங் வரணும்னு எதிர்பார்க்கிற டெஸ்ட் அது.

மேலதிகாரி "மூணு தடவை ரீட்ரை போடு, ஒண்ணுல தேறினா போதும்"ங்கிறார். கூட வேலை பார்க்கிறவர் எல்லாத்தையும் கேயூனிட்டுக்கு (கெர்னலோட யூனிட் டெஸ்ட் கட்டமைப்பு) மாத்தணும்ங்கிறார். ரெண்டுமே எனக்கு உறுத்துது, ஆனா எதிர்த்துச் சொல்ல வாதம் கைவசம் இல்ல. நீங்கெல்லாம் எப்படிச் செய்றீங்க?

---

பிட்_பொறுக்கி:

ரீட்ரையை மட்டும் உள்ள விட்டுடாதீங்க. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல லாக்.

டிமெஸ்க் மனுஷன் படிக்கிறதுக்கு. அதோட வாசகம் மாறாதுன்னு யாரும் வாக்குக் கொடுக்கல. நீங்க தேடின வரியையே எடுத்துக்கோங்க. பழைய கெர்னல்ல அது "எண்ட்_ரிக்வெஸ்ட்"னு ஆரம்பிக்கும். அப்புறம் "பிஎல்கே_அப்டேட்_ரிக்வெஸ்ட்" ஆச்சு, நடுவுல கொஞ்ச காலம் "பிரிண்ட்_ரெக்_எரர்", இப்போ முன்னொட்டே கிடையாது. உள்ள இருக்கிற ஃபங்ஷனோட பேரு லாக்ல ஒட்டிக்கிட்டு வந்துட்டிருந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்த வரிக்கு ரேட்லிமிட் உண்டு: இயல்பா 5 விநாடிக்கு 10 வரி. நூறு பிழையைத் திணிச்சுட்டு நூறு வரி வருதான்னு எண்ணுற டெஸ்ட் ஏதாவது இருந்தா அதை இன்னைக்கே தூக்கிடுங்க. பாயிண்டர் முகவரியை ஒப்பிடுற வேலையும் வேண்டாம். 4.15-ல இருந்து பாயிண்டரை அச்சடிக்கிற வெறும் %p ஹாஷ் பண்ணின எண்ணைத்தான் காட்டும், அது ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் வேற.

உங்களுக்குத் தெரிய வேண்டியது பிழை மேல வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சாங்கிறதுதானே? அதை ரீட் கால்கிட்டயே கேளுங்க. -1 வந்துச்சா, எர்ர்னோ (பிழைக் குறியீடு) ஈஐஓ-வா (ஐ/ஓ பிழையா)? யூசர்ஸ்பேஸ் பார்க்கிற இந்த நடத்தையை உடைக்கக் கூடாதுங்கிறதுல கெர்னல்காரங்க பிடிவாதமா இருப்பாங்க. லாக் வரியைப் பத்தி அவங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. ரைட்ல ஒரு விஷயம் கவனிங்க. ஓ_டைரக்ட் (கேஷைத் தாண்டி நேரா எழுதச் சொல்ற கொடி) இல்லாம எழுதினா டேட்டா மெமரியில இருக்கிற பேஜ் கேஷுக்குப் போகும், ரைட் கால் வெற்றின்னு திரும்பிடும், ஈஐஓ அப்புறமா எஃப்சிங்க்லதான் (டிஸ்குல எழுதி முடிக்கச் சொல்ற கால்) தலைகாட்டும். ரைட்டோட ரிட்டர்னை மட்டும் பார்த்தா மெமரி அழுத்தத்தைப் பொறுத்து தேறும், தோக்கும்.

"கெர்னல் எங்கயாவது அலறிச்சா" என்கிற பொதுச் சோதனைக்கு டெயிண்ட் எண் (கெர்னலுக்கு என்ன நேர்ந்ததுன்னு பிட் பிட்டா குறிச்சு வைக்கிற எண்) போதும். ப்ராக் சிஸ் கெர்னல் அடியில டெயிண்டட்னு ஒரு கோப்பு இருக்கு. டெஸ்டுக்கு முன்னாடி ஒருமுறை, பின்னாடி ஒருமுறை படிங்க. வார்னிங் வந்தா 512 மதிப்புள்ள பிட் ஏறும், ஊப்ஸுக்கு (கெர்னல் க்ராஷ்) 128, கேசான் (மெமரி பிழை பிடிக்கிற கருவி) அறிக்கை வந்தா 32. பூஜ்யமான்னு மட்டும் பார்க்காதீங்க. உங்க மாட்யூல் மெயின்லைனுக்கு வெளிய இருக்கிறதால ஏத்தின உடனே 4096 வந்துடும்.

இப்போ அந்த விசித்திரமான டெஸ்ட். அந்த வார்னிங் வார்ன்_ஒன்ஸ்தானான்னு சோர்ஸ்ல பாருங்க, பந்தயமே கட்டுவேன். பெயருக்கேத்த மாதிரி, கெர்னல் ஒருமுறை பூட் ஆனா ஒரே ஒரு தடவைதான் கத்தும். வரிசையில முன்னாடி ஓடின ஏதோ ஒரு டெஸ்ட் அந்த ஒரு தடவையைத் தின்னுடுச்சு. உங்க மாட்யூலைக் கழட்டி மாட்டினாலும் பயன் இல்ல, அந்தக் கொடி பிளாக் லேயர்ல இருக்கு. டீபக்எஃப்எஸ்ல (கெர்னல் டீபக் கோப்புகள் இருக்கிற இடம்) கிளியர்_வார்ன்_ஒன்ஸ்னு ஒரு கோப்பு இருக்கு, அதுல 1 எழுதினா கொடி பழையபடி ஆயிடும். இப்படி ஒரு கோப்பு இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இதே குடும்பத்துல இன்னும் ரெண்டு இருக்கு, இதைவிட மோசம், ஏன்னா பச்சையாவே இருந்து ஏமாத்தும். லாக்டெப் (பூட்டுகளை, அதாவது lock-ஐ, தப்பான வரிசையில எடுக்கிறதைப் பிடிக்கிற கருவி) ஒரு தப்பைக் கண்டுபிடிச்சு அறிக்கை கொடுத்ததும் தன்னைத்தானே அணைச்சுக்கும். அதுக்கப்புறம் ஓடுற டெஸ்டெல்லாம் இந்தப் பூட்டு சோதனையே இல்லாமத்தான் ஓடும். லாக்டெப்_ஸ்டாட்ஸ் கோப்புல டீபக்_லாக்ஸ் 1-ஆவே இருக்கான்னு ஒவ்வொரு டெஸ்டுக்கு அப்புறமும் பாருங்க. கேசானும் இயல்பா முதல் பிழையோட வாயை மூடிக்கும். கேசான்_மல்டி_ஷாட் கொடுத்து பூட் பண்ணினாத்தான் தொடர்ந்து பேசும். அதனாலதான் நான் ஒவ்வொரு தொகுதிக்கும் புது பூட் எடுக்கிறேன். நேரம் கூடத்தான் ஆகும், பரவாயில்ல.

கேப்ரோப் கதைக்கு உங்க உதாரணமே போதும். அந்த ஃபங்ஷனை இன்லைன் ஆக்கினதும் பயோலேட்டன்சி, பயோஸ்னூப் மாதிரி ஊரறிஞ்ச கருவிகளே உடைஞ்சுச்சு. அதுக்காகவே 6.5-ல பிளாக்_ஐஓ_ஸ்டார்ட், பிளாக்_ஐஓ_டன்னு ரெண்டு ட்ரேஸ்பாயிண்ட் (கெர்னல் கோட்லயே பதிச்சு வெச்ச கண்காணிப்பு இடம்) சேர்த்தாங்க. நீங்க 6.1-ல இருக்கிறதால பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ, பிளாக்_ஆர்க்யூ_கம்ப்ளீட்டைப் பிடிங்க. ட்ரேஸ்பாயிண்டும் கல்வெட்டு இல்ல. 5.11-ல இதுங்களோட ஆர்க்யுமெண்ட்ல இருந்தே ரிக்வெஸ்ட் கியூவை எடுத்துட்டாங்க. ஃபார்மேட் கோப்பைப் படிச்சு, ஃபீல்டைப் பேரால எடுத்தா தப்பிச்சீங்க. வரிசை எண்ணால எடுத்தீங்கன்னா திரும்ப இங்கயே வந்து கேள்வி போடுவீங்க.

ரீட்ரைக்கு வரேன். உங்க ஸ்கிரிப்ட்ல மாட்யூலைக் கழட்டுற ஆர்எம்மாட் வரிக்கு முன்னாடி "ஸ்லீப் 1" இருக்கான்னு பாருங்க. இருந்தா அதை எடுத்துட்டு ஓட்டுங்க. கால்_ஆர்சியூ (ஒரு கால்பேக்கை அப்புறமா ஓடச் சொல்றது) போடுற டிரைவர், எக்ஸிட்ல ஆர்சியூ_பேரியர் (அதெல்லாம் முடியுற வரைக்கும் காத்திருக்கிறது) கூப்பிடாம போனா என்ன ஆகும்? மாட்யூலோட கோடு மெமரியை விட்டுப் போனப்புறம் கால்பேக் ஓடும். அந்த ஒரு விநாடி ஸ்லீப் இதை அழகா மூடி மறைக்கும். சிஐ மெஷின் திணறுற அன்னிக்கு மட்டும் வெடிக்கும், ரீட்ரை போட்டா அந்த வெடிச்சத்தமும் உங்க காதுல விழாது. பயனர்கிட்ட ஸ்லீப்பும் கிடையாது, ரீட்ரையும் கிடையாது. கெர்னல்ல எப்பவாவது தோக்குற டெஸ்ட்தான் ரேஸ் (எது முந்துதுங்கிறதைப் பொறுத்து வர்ற பிழை) இருக்கிறதுக்கு உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி. மேலதிகாரி சமாதானம் ஆகணும்னா, திரும்ப ஓட்டுங்க, ஆனா முதல் ஓட்டத்தோட முடிவை மாத்தாதீங்க. ரெண்டாவது ஓட்டம் "எத்தனைல எத்தனை தோக்குது"ன்னு தெரிஞ்சுக்க மட்டும்.

---

ஆழ்கடல்_அலை:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நேரம் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஸ்லீப் கால்கள் கீழ் எல்லையைத்தான் உறுதி செய்யும், மேல் எல்லையை அல்ல. ஹெச்ஸெட் (விநாடிக்கு எத்தனை டைமர் துடிப்பு என்ற அமைப்பு) 100 உள்ள கெர்னலில் ஒரு ஜிஃபி (ஒரு துடிப்பு) 10 மில்லிவிநாடி, 250 என்றால் 4. எம்ஸ்லீப் அந்தப் படிக்கட்டில்தான் ஏறும், சிறிய எண் கொடுத்தால் கேட்டதைவிட நன்றாகவே கூடுதலாகத் தூங்கும். எனவே "குறைந்தது இவ்வளவு நேரம் ஆனதா" என்று டெஸ்ட் கேட்கலாம், "இவ்வளவுக்குள் முடிந்ததா" என்று கேட்டால் அது டிரைவரை விட்டுவிட்டு மெஷினைச் சோதிக்கிறது. உங்கள் சிஐ-யில் கேவிஎம் (வன்பொருள் உதவியோடு மெய்நிகர் மெஷினை ஓட்டும் வசதி) கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கியூஎமு ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனையும் மென்பொருளிலேயே பெயர்த்து ஓட்டிக்கொண்டிருக்கும், உங்கள் 2 விநாடி அங்கே எதற்கும் காணாது.

நிகழ்வுக்காகக் காத்திருங்கள். டிரைவருக்குள் ஃப்ளஷ்_ஒர்க், கம்ப்ளீஷன். வெளியே யூடெவ்அட்ம் செட்டில், அல்லது நிலைமை மாறும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு ஒரு கெடு வையுங்கள், தாராளமாக 60 விநாடி. தேறும் டெஸ்ட் அதைத் தொடவே தொடாது, தொங்கிப்போன டெஸ்டைக் கொல்ல மட்டுமே அது. கேசெல்ஃப்டெஸ்ட் (கெர்னலோடு வரும் டெஸ்ட் தொகுப்பு) ஓட்டியின் இயல்பான கெடு 45 விநாடி, அந்த டைரக்டரியின் செட்டிங்ஸ் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

கேயூனிட் 5.5-இல் வந்தது, எனக்குப் பிடித்தது. ஆனால் அதற்கு ஏற்ற சரக்கு வேறு. பிட் கணக்கு, செக்டர் எல்லை, டேபிள் தேடல், பிழைக் குறியீட்டை மாற்றுவது போன்றவற்றைத் தனி ஃபங்ஷன்களாகப் பிரித்து கேயூனிட்டில் போடுங்கள். யூஎம்எல்-இல் (கெர்னலைச் சாதாரண புரோகிராமாக ஓட்டும் முறை) ஓடும், கியூஎமு கூடத் தேவையில்லை. பிளாக் லேயரையே ஸ்டப் செய்து போலியாக நிறுத்த முயன்றீர்களானால், கெர்னல் உள் ஏபிஐ மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்டப்பையும் திருத்திக்கொண்டிருப்பீர்கள். உள் ஏபிஐ நிலையாக இருக்காது என்று கெர்னல் ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சகா சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு சரி.

---

சோம்பேறி_ஷெட்யூலர்:

ரெண்டு துண்டுச் செய்தி.

விஎம்ஸ்டாட் (கெர்னலோட மெமரி கணக்கு) எண்ணை டெஸ்ட்ல ஒப்பிடுறீங்களா? ஒவ்வொரு சிபியுவும் தன் கணக்கைத் தனியா வெச்சுக்கிட்டு இயல்பா விநாடிக்கு ஒருமுறைதான் பொதுக் கணக்குல சேர்க்கும். ஸ்டாட்_ரெஃப்ரெஷ் கோப்பைத் தொட்டுட்டு அப்புறம் படிங்க. மெமரி லீக் தேடுற கேமெம்லீக்கும் அப்படித்தான், 5 விநாடி வயசு ஆகாத ஆப்ஜெக்டைப் பத்திப் புகார் சொல்லாது. மாட்யூலைக் கழட்டின கையோட ஸ்கேன் பண்ணிட்டு "லீக் இல்ல"ன்னு கொண்டாடக் கூடாது.

அப்புறம், /டெவ்/விடிபி-ன்னு பேரை நேரடியா எழுதியிருந்தா கியூஎமு-ல வர்ச்சுவல் டிஸ்குக்கு சீரியல் கொடுத்துட்டு, டிஸ்க் பை-ஐடி வழியா பிடிங்க. கெர்னல் கான்ஃபிக்ல ஒரு வசதி இல்லைன்னா டெஸ்ட் தோக்கக் கூடாது, 4-ங்கிற எக்ஸிட் கோடோட ஸ்கிப் ஆகணும். ஸ்கிப் எண்ணிக்கை ஏறுதான்னும் ஒருத்தர் பார்த்துக்கணும். இல்லேன்னா எல்லாமே ஸ்கிப் ஆகி, சிஐ ஜோரா பச்சையா இருக்கும்.

---

நள்ளிரவு_நிரலர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பார்த்தேன், அது வார்ன்_ஒன்ஸ்தான். கிளியர் பண்ணினதும் வரிசையிலயும் தேறுது. ஆர்எம்மாட்டுக்கு முன்னாடி ஸ்லீப்பும் இருக்கு, எடுத்துட்டு இன்னைக்கு ராத்திரி பூரா ஓட விடப் போறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. டிரைவர் உள்ளுக்குள்ள ஒரு ரிக்வெஸ்டை ரெண்டாப் பிரிக்குது. பிரிச்சதா இல்லையான்னு தெரிஞ்சுக்க இப்போ டீபக் லாக் வரியைத்தான் எண்ணுறோம். வெளிய இருந்து பார்த்தா ரெண்டுக்கும் விடை ஒண்ணுதான், எர்ர்னோ உதவாது. பிளாக் லேயரோட ட்ரேஸ்பாயிண்டும் இதைக் காட்டாது. இதுக்கு என்ன வழி?

---

பிட்_பொறுக்கி:

டிரைவர் உங்களோடது, நீங்களே ஒரு ட்ரேஸ்பாயிண்ட் வெச்சுடுங்க. ட்ரேஸ்_ஈவென்ட் மேக்ரோல செக்டர், நீளம், எத்தனை துண்டு, மூணே ஃபீல்ட். பேரும் ஃபீல்டும் உங்க கையில இருக்கிறதால கெர்னல் மாறினாலும் அது மாறாது. அணைச்சு வெச்சிருந்தா செலவும் அனேகமா இல்ல, அதனால ரிலீஸ் பில்ட்லயும் விட்டு வைக்கலாம். டெஸ்ட்ல எண்ணிக்கையை ஒப்பிடாதீங்க, ஏன்னா மேல இருந்து வர்ற ரிக்வெஸ்டை பிளாக் லேயர் எப்படி வேணா சேர்க்கும், உடைக்கும். எல்லையைத் தாண்டுற செக்டருக்கு குறைஞ்சது ஒரு நிகழ்வு வந்துச்சா, எல்லைக்குள்ள இருக்கிறதுக்கு ஒண்ணுமே வராம இருந்துச்சா, துண்டுகளோட நீளத்தைக் கூட்டினா மொத்தம் சரியா வருதா, இதைப் பாருங்க. ராத்திரி ஓட்டத்துல கேசானையும் போட்டு விடுங்க. ஸ்லீப்பை எடுத்ததுல ஏதாவது மாட்டினா அந்த ஸ்டாக் ட்ரேஸை இங்க போடுங்க, பார்க்கலாம்.