90-க்குப் பிறகு வரும் நிமிடங்களுக்கு ஒரு பெயர் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் 2025–26 பருவம் தொடங்கிவிட்டது. கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கலாம் என்ற எட்டு விநாடி வரம்பைப் பற்றியே இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். அதற்கு நானும் வருகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த தொடக்க ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பையன்கள் படிக்கத் தமிழில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். லிவர்பூல் 4, போர்ன்மவுத் 2. போர்ன்மவுத்தின் செமென்யோ இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது, 88-வது நிமிடத்தில் லிவர்பூலின் கியேசா அடித்தது எல்லாம் தடையில்லாமல் வந்தது. கடைசி கோலுக்கு வந்தபோது, "கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் சலா அடித்தார்" என்று எழுதினேன். பக்கத்திலிருந்து படித்த அக்கா மகன், "லீக் மேட்ச்ல ஏது மாமா எக்ஸ்ட்ரா டைம்?" என்று கேட்டான். அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. லீக் ஆட்டத்தில் அது கிடையவே கிடையாது. சமனில் முடிந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

90 நிமிடத்தின் முடிவில் நடுவர் சேர்க்கும் நான்கைந்து நிமிடம் ஒன்று. வென்றே தீர வேண்டிய ஆட்டம் சமனில் நின்றால் பதினைந்து பதினைந்தாக ஆடும் 30 நிமிடம் இன்னொன்று. இரண்டுக்கும் நம் செய்தித்தாள்கள் "கூடுதல் நேரம்" என்றே எழுதுகின்றன. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்தின் வெக்ஹோர்ஸ்ட் 90+11-இல், அதாவது 90-க்குப் பிறகு சேர்த்த பதினோராவது நிமிடத்தில், அடித்துச் சமன் செய்தார். பிறகு 30 நிமிடம் ஆடினார்கள், அப்புறம் பெனால்டி. இதை நம் வழக்குப்படி எழுதிப் பாருங்கள்: "கூடுதல் நேரத்தில் சமன் ஆனதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது." ஆட்டம் பார்க்காத ஒருவருக்கு இதில் என்ன விளங்கும்?

30 நிமிடத்துக்குக் "கூடுதல் நேரம்" என்ற பெயர் பொருத்தமானது. அது உண்மையிலேயே 90-க்கு மேல் கூடுதலாக ஆடுவது. அதைத் தொட வேண்டாம். பெயர் இல்லாமல் நிற்பது மற்றதுதான்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன்.

> "இஞ்சூரி டைம் என்றுதானே காலம் காலமாகச் சொல்கிறோம். காயநேரம் என்றே வைத்துக்கொள்ளலாமே."

பேச்சில் எனக்கும் அதுதான் முதலில் வாயில் வரும். ஆனால் அதே லிவர்பூல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் ஆட்டம் நின்றது யாரும் அடிபட்டு விழுந்ததால் அல்ல. பார்வையாளர் பக்கமிருந்து தன்மேல் இனவெறிச் சொல் வீசப்பட்டதாக செமென்யோ நடுவரிடம் சொன்னார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரு பயிற்சியாளர்களையும் அழைத்துப் பேசினார். அந்த நிமிடங்களைக் காயநேரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கால்பந்துச் சட்டத்தின் ஏழாம் விதியைப் பார்த்தாலும் காயம் பல காரணங்களில் ஒன்று மட்டுமே. ஆள் மாற்றுவது, அட்டை காட்டுவது, வேண்டுமென்றே நேரம் கடத்துவது, தண்ணீர் குடிக்க நிறுத்துவது, வீடியோ நடுவர் சரிபார்ப்பது, கோல் கொண்டாட்டம் என்று பட்டியல் நீள்கிறது.

> "நிறுத்த நேரம்?"

இது ஆட்டம் நின்றிருந்த நேரத்தைக் குறிக்கிறது. நமக்குப் பெயர் வேண்டியது அதற்குப் பதிலாக ஆடும் நேரத்துக்கு. அதோடு பேருந்து நிறுத்தம் வேறு நினைவுக்கு வந்துவிடும்.

> "உபரி நேரம்."

இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த விதி பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். 1891-இல் ஸ்டோக்குக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். ஸ்டோக் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அதற்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. வில்லா கோல்கீப்பர் பந்தை எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்துவிடுகிறார். பந்தைத் தேடிக் கொண்டுவருவதற்குள் 90 நிமிடம் முடிந்துவிட்டது. ஸ்டோக்குக்கு அந்தப் பெனால்டியை உதைக்கவே வாய்ப்பில்லாமல் போனது. இழந்த நேரத்தை நடுவர் சேர்த்துத் தர வேண்டும் என்ற ஏற்பாடு அதன் பிறகுதான் வந்தது என்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மைதானம்தான் கண்ணில் வந்தது. ஏழு பேர் ஆட்டங்களுக்குச் சில ஆண்டுகள் நடுவராக நின்றிருக்கிறேன். மைதானத்தின் ஒரு பக்கம் கண்மாய். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி ஐந்து நிமிடத்தில் எதை உதைத்தாலும் பந்து கண்மாய்க்குத்தான் போகும். தோற்றுக்கொண்டிருக்கும் பையன்கள் என்னிடம் ஓடி வந்து "எக்ஸ்ட்ரா டைம் குடுங்க சார்" என்று கேட்டதே இல்லை. "போன டைமைக் குடுங்க சார்" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அவர்கள் கேட்பது சலுகை அல்ல, வர வேண்டிய பாக்கி.

உபரி, கூடுதல், அதிகப்படி என்ற சொற்கள் எல்லாம் இதைத் தலைகீழாக்கிவிடுகின்றன. 2023–24 பருவத் தொடக்கத்தில் இங்கே நடந்த சண்டை நினைவிருக்கிறதா? கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்கு முதல் பாதியில் 14, இரண்டாம் பாதியில் 13 நிமிடம் சேர்த்தார்கள். அதே கண்டிப்பை இங்கிலாந்தும் அந்த ஆகஸ்டில் எடுத்துக்கொண்டது. பருவத்துக்கு முன்னால் ஒரே ஆட்டமாக நடக்கும் கம்யூனிட்டி ஷீல்டு கோப்பையில் ஆர்சனலுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி 1–0 முன்னிலை. 90 முடியும்போது, சேர்க்கும் நேரம் 8 நிமிடம் என்று பலகையில் காட்டினார்கள். அதற்குள் சிட்டியின் வாக்கரும் ஆர்சனலின் பார்ட்டியும் தலை மோதி விழ, அந்தத் தாமதமும் சேர்ந்தது. சேர்த்த நேரத்தின் பதினோராவது நிமிடத்தில் ஆர்சனலின் டிரோசார்ட் அடித்த பந்து உள்ளே போனது. பெனால்டியில் ஆர்சனல் 4–1 என்று கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டத்தில் 30 நிமிடம் என்பதே கிடையாது, சமன் என்றால் நேராகப் பெனால்டிதான். நம் பக்கச் செய்திகளைப் படித்தவர்கள் கூடுதல் நேரம் ஆடினார்கள் என்றே புரிந்துகொண்டிருப்பார்கள்.

உடனே "எதற்கு இவ்வளவு கூடுதல்?" என்று குரல் எழுந்தது. ஆட்டக்காரர்களின் உடம்பு தாங்காது என்று மான்செஸ்டர் யுனைடெட் தடுப்பாளர் வரான் வெளிப்படையாகச் சொன்னார். அது நியாயமான கவலை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் பலர் யாரோ பத்து நிமிடத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது போலப் பேசினார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் உருண்ட நேரம் சராசரியாகச் சுமார் 55 நிமிடம்தான். டிக்கெட்டில் 90, மைதானத்தில் 55. சேர்த்துத் தருவது அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்புகிறது. அதற்குப் போய் "உபரி" என்று பெயர் வைத்தால், இழந்தவன் கேட்பது பேராசை போல ஆகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: ஈட்டு நேரம்.

ஈடுசெய்தல், ஈடுகட்டுதல், இழப்பீடு எல்லாம் நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். அரசு அலுவலகத்தில் விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் பின்னால் எடுத்துக்கொள்வது "ஈடுசெய் விடுப்பு". கருத்து அதேதான்: போனதற்குப் பதில். வீடு வீட்டு வாசல் ஆவது போல, காடு காட்டு வழி ஆவது போல, ஈடு ஈட்டு நேரம் ஆகிறது. நாலாவது நடுவர் தூக்கிக் காட்டுவது ஈட்டுப் பலகை.

எட்டு விநாடிக்கு வருகிறேன். அதற்கு "எட்டு விநாடி விதி" என்று ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். 2024–25 பருவம் வரை அது ஆறு விநாடி, மீறினால் எதிரணிக்கு மறைமுகத் தனி உதை (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை). ஏறக்குறைய எந்த நடுவரும் அதைக் கொடுக்கவில்லை. இப்போது எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்கு மூலை உதை. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுகிறார். நாளைக்கு இது பத்து ஆனால் பெயரையும் மாற்றுவோமா? எண்ணைப் பெயரில் வைத்தால் சட்டம் மாறும்போது பெயர் செத்துப்போகும். "பிடிப்பு வரம்பு" போல ஏதாவது யோசியுங்கள், எனக்கு இதில் பிடிவாதம் இல்லை.

இதே இழையில், "சட்டம் மாறினால் முதல் வாரத்திலேயே எதுவும் தெரியாது, டிசம்பர் வரை பொறுங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 1925-ஐப் பாருங்கள். அதுவரை ஆஃப்சைடு ஆகாமல் இருக்கக் கோல் கோட்டுக்கும் தாக்குபவருக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் வேண்டும். அந்தக் கோடையில் அதை இரண்டாக்கினார்கள். ஆகஸ்ட் 29, பருவத்தின் முதல் நாள்: ஆஸ்டன் வில்லா 10, பர்ன்லி 0. இங்கிலாந்தின் முதல் பிரிவில் முந்தைய பருவம் 1,192 கோல், அந்தப் பருவம் 1,703. தடுப்பு வரிசைகள் மூச்சுத் திணறிப் போயின. அக்டோபரில் நியூகாசிலிடம் 7–0 என்று அடி வாங்கிய பிறகு ஆர்சனலின் மேலாளர் சாப்மன் நடுக்களத்திலிருந்து ஓர் ஆளைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாளராக நிறுத்தினார். அதற்கப்புறம் ஐரோப்பா முழுக்க ஆடும் விதமே மாறியது. இவ்வளவு நடந்தும் ஆஃப்சைடு என்ற பெயர் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் பெயரில் "மூன்று" இல்லை.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மதுரையிலிருந்து

---

பதில்:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம். நாங்கள் உதைபந்தாட்டம் என்போம், உங்கள் 30 நிமிடத்தை மேலதிக நேரம் என்று எழுதுவோம். வேலைத்தலத்தில் கூட நேரம் நின்று செய்வதும் எங்களுக்கு மேலதிக நேரம்தான். ஆகவே உங்களுக்கு உள்ள சிக்கல் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் "ஈடு" என்றதும் இங்கே ஆட்களுக்குக் காணியை ஈடு வைத்ததுதான் முதலில் நினைவுக்கு வரும். அதையும் யோசியுங்கோ.

---

பதில்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் "ஈட்டு" என்றால் சம்பாதிப்பது என்றும் வருமே? ஈட்டிய விடுப்பு என்று உங்கள் அலுவலகங்களிலேயே உண்டு. தவிர, நேரடி வர்ணனையில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நாக்கு புரளாமல் வருமா? ஆறு பேர் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

---

பதில்:

இருவருக்கும் நன்றி.

தம்பி, காணியை ஈடு வைப்பதும் நம் ஈடும் ஒரே வேர்தான். வாங்கிய பணத்துக்குச் சமமாக ஒன்றை வைப்பது ஈடு. "ஈடு இணை இல்லை" என்கிறோமே, அந்தச் சமம்தான் அடிப்படை. எங்கள் வீட்டில் இட்லி கூட ஈடு ஈடாகத்தான் வேகும். ஒரு சொல்லுக்கு நாலு இடத்தில் வேலை இருப்பது குறை அல்ல. விளையாட்டுப் பக்கத்தில் "ஆறு நிமிட ஈடு" என்று படிப்பவர் காணியையும் நினைக்கமாட்டார், இட்லியையும் நினைக்கமாட்டார்.

சிங்கப்பூர் நண்பர் சொன்ன சம்பாதிக்கும் பொருள் உண்மையிலேயே இடிக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். இலக்கணப்படி "ஈட்டு நேரம்" சரி என்றாலும், கேட்பவர் காதில் ஈட்டுவதுதான் முதலில் விழும் என்றால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. எழுத்தில் ஈடுநேரம் என்று ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாம். வர்ணனையில் வெறும் "ஈடு" போதும். நேற்றிரவு வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம்:

"நடுவர் ஏழு நிமிடம் ஈடு காட்டுகிறார்."

"ஈட்டின் நாலாவது நிமிடத்தில் சலா!"

"ஈடுநேரத்தில் சமன் ஆனதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது."

மூன்றாவது வரிக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். வெக்ஹோர்ஸ்டின் கோல் இப்போது தமிழில் விளங்குகிறது. அக்கா மகனிடம் முதல் வரியைச் சொன்னேன். "எதுக்கு ஈடு?" என்று கேட்டான். அந்தக் கேள்வி "கூடுதல்" என்று சொன்னபோது அவனுக்கு வந்ததே இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. பலகையில் காட்டுவது குறைந்தபட்ச நேரம்தான். நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. இன்னொன்று, 2024–25-இலிருந்து பிரீமியர் லீக்கில் கோலுக்குப் பிறகான முதல் 30 விநாடியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, காட்டிய ஈடு வேறு, ஆடிய ஈடு வேறு. ஆட்டக் குறிப்பில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கிறது. "காட்டு ஈடு, ஆடு ஈடு" என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?