பல்கலைக்கழக அலுவலகப் பணியாளர்களுக்கான பயிற்சியை எங்கே, எப்படிப் பெறுவது?

கேள்வி: தேர்வுப் பிரிவு உதவியாளர்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டிலுள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தேர்வாணையர் அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நாள்முதல் இன்றுவரை எனக்கு முறையான பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவர் கோப்பை எப்படி எழுதினாரோ அதைப் பார்த்துத்தான் நானும் எழுதக் கற்றேன். அரசுத் துறைகளில் சேரும் இளநிலை உதவியாளர்கள் பவானிசாகருக்குச் சென்று அடிப்படைப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கு இணையான ஏற்பாடு எதுவும் இல்லை.

முன்பு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் மாணவர்கள் பெறும் கிரெடிட்டுகளை மின்னணு முறையில் சேமித்து வைக்கும் கல்விசார் மதிப்பீட்டு வங்கி (Academic Bank of Credits) 2021இல் நடைமுறைக்கு வந்து, மதிப்பெண் விவரங்களையும் பட்டங்களையும் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றத் தொடங்கிய பிறகு எங்கள் வேலையின் தன்மையே மாறிவிட்டது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். எங்கள் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயர் ‘செ. கவிதா’ என்று இருக்கும். அவருடைய ஆதாரிலோ ‘கவிதா செல்வராஜ்’ என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வந்திருக்கும். மூன்றும் ஒருவருக்கே உரியவை என்று நமக்குத் தெரிந்தாலும் கணினி ஏற்றுக்கொள்வதில்லை. பெயரைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த ஆவணத்தை மூலமாகக் கொள்வது, திருத்தியதைக் கோப்பில் எப்படிப் பதிவது என்று கேட்டால் பிரிவுக்குள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வேலைவாய்ப்புக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ காத்திருக்கும் மாணவர்கள் இதனால் அலைக்கழிக்கப்படுவதைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பயிற்சிக்கு அனுப்புமாறு வாய்மொழியாகக் கேட்டபோது, அவையெல்லாம் ஆசிரியர்களுக்கு உரியவை என்ற பதிலே கிடைத்தது. இது சரிதானா? ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கு எங்கெங்கே பயிற்சி உண்டு? அதற்கான கட்டணத்தையும் நாட்களையும் பல்கலைக்கழகத்திடமிருந்து பெறுவதற்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது பல்கலைக்கழக நிர்வாகங்கள் எப்போதோ தாமாகவே செய்திருக்க வேண்டிய வேலை. பயிற்சி என்பது நிர்வாகம் மனமிரங்கி அளிக்கும் சலுகை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு பிரிவு பிழையில்லாமல் இயங்குவதற்கு அது அடிப்படைத் தேவை என்று கருதினால்தான் உங்கள் விண்ணப்பமும் அந்தத் தொனியில் அமையும்.

முதலில் விதிகளைப் படியுங்கள். உங்கள் பல்கலைக்கழகச் சட்டம், அதன் கீழ் வகுக்கப்பட்ட பணி விதிகள், தேர்வு தொடர்பான ஒழுங்குவிதிகள் ஆகிய மூன்றையும் படித்த பணியாளர் ஒரு பிரிவில் ஒருவர் இருந்தால்கூட அந்தப் பிரிவின் தரம் உயர்ந்துவிடும். பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வுகள் கேட்கப்பட்டுள்ளனவா என்பதையும் பணி விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத் தேர்வுகளில், சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வும் அலுவலக நடைமுறை நூல் தேர்வும் நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படுபவை. விதியில் கேட்கவில்லை என்றாலும் அவற்றின் பாடத்திட்டத்தைப் படிப்பது வீண்போகாது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் எழுப்பும் தணிக்கைத் தடைகளில் பெரும்பகுதி நேர்மைக் குறைவால் வருபவை அல்ல. செலவினத்துக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று தெரியாமல் கோப்பு நகர்ந்ததால் வருபவை.

அடுத்தது விண்ணப்பம். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுத்துவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் கோப்பு உருவாகும், அதற்கு யாரேனும் பதில் எழுதியாக வேண்டும். கடிதத்தின் மேலே ‘பார்வை’ என்று வரும் இடத்தில் பயிற்சி அறிவிப்பின் எண்ணையும் நாளையும் குறிப்பிடுங்கள். முதல் பத்தியில் நீங்கள் கவனிக்கும் பணி என்ன என்பதையும், அதில் கடந்த பருவத்தில் எத்தனை பெயர்த் திருத்த விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிலுவையில் உள்ளன என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அந்தப் பயிற்சியின் எந்தப் பகுதி இந்த நிலுவையைக் குறைக்க உதவும் என்று காட்டுங்கள். அதன் பிறகே கட்டணத்தையும், பயிற்சி நாட்களைப் பணிநாட்களாகக் கருத வேண்டும் என்ற கோரிக்கையையும் வையுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் பணியைக் கவனிக்கும் சக ஊழியரின் ஒப்புதலையும் இணைத்துவிட்டால், கண்காணிப்பாளர் மறுப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இல்லாமற் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர்த் திருத்தத்துக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள் என்றால், அங்கே குறைபடுவது பயிற்சி மட்டுமன்று. எழுதி வைத்த நடைமுறையும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 4(1)(ஆ), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பணியாளர்கள் கடமையாற்றப் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள் ஆகியவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே, பிரிவுக்கென ஒரு நடைமுறைக் கையேடு வேண்டும் என்று கேட்பதற்குச் சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது. அதன் முதல் வரைவை நீங்களே எழுதி முன்வையுங்கள். எந்த வகுப்பில் அமர்ந்து கற்பதைவிடவும் அதை எழுதும்போது அதிகமாகக் கற்பீர்கள்.

பதில் 2: உதவிப் பேராசிரியர், கோவை

பயிற்சியெல்லாம் ஆசிரியர்களுக்கு மட்டுமே என்று உங்களுக்குச் சொன்னது சரியன்று. ஆனால் அப்படியொரு எண்ணம் ஏன் வந்தது என்பது புரிகிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. அவையே பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆகி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்தகைய மையங்கள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் அடுத்த நிலைக்கு உயர்வதற்குப் புத்தாக்கப் பயிற்சி போன்றவற்றை முடித்திருக்க வேண்டும் என்பதால் நாங்கள் எப்படியும் அங்கே சென்றாக வேண்டியிருக்கிறது. அலுவலகப் பணியாளர்களுக்கு அத்தகைய கட்டாயமும் இல்லை, அதனால் கிடைக்கும் பதவி உயர்வும் இல்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கெனச் சில நாட்கள் நடைபெறும் குறுகியகாலப் பயிற்சிகளை நடத்தவும் அந்த மையங்களுக்கு இடமுண்டு. அவற்றின் ஆண்டு நிகழ்ச்சி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதிப் பல்கலைக்கழகங்களின் தேர்வுப் பிரிவினர் சேர்ந்து, மதிப்பீட்டு வங்கி குறித்து ஒரு பயிற்சி நடத்துமாறு மைய இயக்குநருக்கு எழுதினால், ஆட்கள் உறுதியாக வருவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களும் திட்டமிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இணையவழியில் கற்க விரும்பினால் 2017இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தைப் பாருங்கள். பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி நேரில் சென்று தேர்வெழுத வேண்டும். தரவு மேலாண்மை, அலுவலகத் தகவல் தொடர்பு, கணக்கியல் போன்ற பாடங்கள் உங்களுக்குப் பொருந்தும். நீண்டகால நோக்கில் யோசிப்பவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வழங்கும் கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாகத்துக்கான முதுநிலைப் பட்டயம் நல்ல தேர்வு. ஆனால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்று, முடித்தவுடன் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். அனுமதி இல்லாமல் முடித்த படிப்பைப் பின்னாளில் பதியச் சொன்னால் தேவையற்ற விளக்கங்களை எழுத வேண்டிவரும்.

பதில் 3: ஆய்வகத் தொழில்நுட்பர்

அலுவலகப் பணியாளர்களைப் பற்றிய பேச்சில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இலட்சம் ரூபாய்க்குக் கருவி வாங்குவார்கள். அதை நிறுவ வரும் பொறியாளர் அன்று அங்கே நிற்பவருக்கு இயக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படி நிற்பவர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவராகத்தான் இருப்பார். அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வெளியேறியதும் அவரோடு அந்த அறிவும் வெளியேறிவிடும். பணி ஓய்வுவரை அந்தக் கருவியோடு இருக்கப்போகிற தொழில்நுட்பருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு சிறு பழுதுக்கும் நிறுவனத்திலிருந்து ஆள் வரும்வரை கருவி மூடிக் கிடக்கும்.

எங்கள் துறையில் இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது. நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர் இருவருக்கு இயக்கத்திலும் அன்றாடப் பராமரிப்பிலும் பயிற்சி அளித்து, அவர்களிடம் கையொப்பம் பெற்ற பிறகே இறுதித் தவணை விடுவிக்கப்படும் என்பதே அந்த நிபந்தனை. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதை எழுதிவிட வேண்டும். கொள்முதல் ஆணை வழங்கிய பிறகு புதிய நிபந்தனை விதிக்க முடியாது. பயிற்சிக்குத் தனியாக நிதி தேட வேண்டிய அவசியமும் இதனால் இல்லாமற்போகிறது.

உங்கள் பிரிவுக்கும் இது பொருந்தும். தேர்வு முடிவுகளுக்கான மென்பொருளை வெளி நிறுவனம் ஒன்று அளித்திருந்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஆண்டுதோறும் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதையும், பயனர் கையேட்டைத் தமிழில் தர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதில் 4: நூலகர்

ஒரு சிறு சேர்க்கை மட்டும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. அலுவலகப் பணிக்கு அவற்றின் நேரடிப் பயன் குறைவுதான்; மேற்படிப்பு படிக்கும் பணியாளர்களுக்கு மிகவும் உதவும். ஆனால் நூலகம் என்பது இதழ்களோடு முடிந்துவிடுவதன்று. பல்கலைக்கழகச் சட்டமும் பழைய ஆட்சிக்குழுத் தீர்மானங்களும் அரசாணைகளும் பல இடங்களில் நூலகத்தின் ஒரு மூலையில்தான் இருக்கின்றன. முதல் பதிலில் ஐயா குறிப்பிட்ட கையேட்டை எழுத முனைந்தால் உங்கள் நூலகரிடம் செல்லுங்கள். பணியாளர்கள் எங்களைத் தேடி வருவது அரிது. வந்தால் மகிழ்ச்சியோடு தேடி எடுத்துத் தருவோம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

விரிவாகப் பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. துணைப் பதிவாளர் ஐயா சொன்னபடி நிலுவை விவரங்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். பெயர்த் திருத்தக் கையேட்டின் வரைவை எழுதுவதில் என்னோடு பணிபுரியும் இரு சகோதரிகளும் சேர்ந்துகொண்டுள்ளனர். ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. வரைவை நேராகத் தேர்வாணையரிடம் கொடுக்கலாமா, அல்லது கண்காணிப்பாளர் வழியாகவே அனுப்ப வேண்டுமா? கண்காணிப்பாளர் நல்லவர்; ஆனால் அவருக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே உள்ளதால் புதிய கோப்பு எதையும் தொடங்கத் தயங்குகிறார்.

பதில் 5: ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர்

கண்காணிப்பாளர் வழியாகவே அனுப்புங்கள். அதற்கு முன்பு அவரோடு உட்கார்ந்து, இதுவரை எந்தெந்த வகைத் திருத்தங்களை எந்த ஆவணத்தின் அடிப்படையில் அனுமதித்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பிலும் இல்லாத முன்னுதாரணங்கள் அவர் நினைவில் இருக்கும். அவர் ஓய்வு பெற்றபின் அவற்றை மீட்க முடியாது. வரைவின் முகப்பில் தயாரித்தவர்களின் பெயர்களோடு அவர் பெயரையும் வழிகாட்டியவர் என்று சேருங்கள். தயக்கம் தானே குறையும். வரைவோடு சமர்ப்பிக்கும் குறிப்பில், தேர்வாணையர் ஒப்புதல் அளித்தபின் இதை ஆட்சிக்குழுவின் பார்வைக்கு வைக்கலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆட்சிக்குழு ஏற்றுவிட்டால் அடுத்து வரும் அலுவலர் யாராக இருந்தாலும் அது நடைமுறையில் இருக்கும்.