புதுப்பிப்பு: காரில் கம்பெனியிலேயே நிறமேற்றி வரும் (டின்ட்) கண்ணாடிமேல் ஃபிலிம், கணக்கில் திருத்தம்

கார் கண்ணாடி 70% வெளிச்சம் விட வேண்டும் என்று சட்டம் கேட்டால், 70% வெளிச்சம் விடும் ஃபிலிம் ஒட்டினால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து விடும் வெளிச்சத்தைத்தான் சோதனை மீட்டர் காட்டும். இரண்டையும் பெருக்க வேண்டும்: முன்கதவுக் கண்ணாடி 78% விட்டால், 0.78 × 0.70, சுமார் 55%தான். 90% விடும் செராமிக் (தெளிவான வெப்பத்தடுப்பு) ஃபிலிம்கூட மயிரிழையில்தான் தேறும். ஃபிலிமே கூடாது என்கிற இடங்களில் இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஃபிலிம் துண்டை அதோடு சேர்த்துப் பிடித்து அளந்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். தூசிப் படலம் அளவைக் குறைத்துக் காட்டும்.

பின்பக்கக் கருப்புக் கண்ணாடி 20% அளவில்தான் வெளிச்சம் விடும். ஆனால் சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. அதன்மேல் 35% ஒட்டினால் மிஞ்சுவது 7%, இரவில் ரிவர்ஸ் எடுப்பது ஆபத்து. அங்கேயும் தெளிவான வெப்பத்தடுப்பு ஃபிலிமே நல்லது.