ஒரே கணினியில 10 ஜிகாபிட் நெற்வேர்க் காட்டையும் அதின்ர லினக்ஸ் டிரைவரையும் சோதிக்கிறது: உங்கட அனுபவம் என்ன?

கோண்டாவில்:
இரண்டு போர்ட் காட் ஒண்டும் டிஏசி கேபிள் (நுனியில செருகி பொருத்தியே வாற செப்புக் கேபிள்) ஒண்டும் இருந்தால் காணும், சுவிட்ச் தேவையில்லை. கேபிளின்ர இரண்டு நுனியையும் அதே காட்டின்ர இரண்டு போர்ட்டிலயும் செருகுங்கோ. ஆனால் சும்மா ஐபி குடுத்து ஐபெர்ப் (வேகம் அளக்கிற மென்பொருள்) ஓடவிட்டால், லினக்ஸ் கேர்னல் பக்கெற்றுகளை உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடும். 30, 40 ஜிகாபிட் எண்டு காட்டும். கேபிளைக் கழட்டினாலும் அதே வேகம்தான்! ஒரு போர்ட்டைத் தனி நேம்ஸ்பேஸுக்குள்ள (லினக்ஸுக்குள்ளேயே பிரிச்சு வைச்ச நெற்வேர்க்) தள்ளிப்போட்டு, பிறகு ஐபி குடுங்கோ. முதலே குடுத்தால் தள்ளேக்க அழிஞ்சிடும். எம்டியூ (ஒரு பக்கெற்றின்ர உச்ச அளவு) 1500 பைட்டில 9.41 ஜிகாபிட் வந்தால் முழு வேகம். மிச்சம் ஹெடருகளுக்கும் பிரேம் இடைவெளிக்கும் போகுது.

நல்லூர்:
அண்ணை சொன்னது சரி. வேகம் 3 ஜிகாபிட் சொச்சத்தில நிண்டால் டிரைவரைத் திட்ட முதல் மதர்போர்ட்டில காட் செருகின ஸ்லொட்டைப் பாருங்கோ. நீளமான ஸ்லொட்டாத் தெரியும், உள்ள ஒரு லேன் (தரவு போற பாதை) மட்டும்தான் இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0இல ஒரு லேனுக்கு 4 ஜிகாபிட்தான். எல்எஸ்பிசிஐ கட்டளையை சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு முழு விவரத்தோட ஓடவிட்டால், காட்டால் ஏலுமான லேனும் இப்ப கிடைச்ச லேனும் அடுத்தடுத்துத் தெரியும்.

மற்றது சூடு. சேர்வர் காட்டெல்லாம் பலமான காற்றோட்டத்தை நம்பிச் செய்தது. சித்திரை வெயிலில மேசைக் கணினிக்குள்ள போட்டால் ஹீற்சிங்கில கை வைக்க ஏலாது. லிங்க் விழுந்து விழுந்து எழும்பும். 40 மில்லிமீற்றர் விசிறி ஒண்டை நேர மேல கட்டிவிடுங்கோ.

சுன்னாகம்:
வேகம் வந்திட்டுது எண்டு டிரைவர் நல்லது எண்டு சொல்ல ஏலாது. 64 பைட் பக்கெற்றில 10 ஜிகாபிட் எண்டால் விநாடிக்கு 1.488 கோடி பக்கெற். ஐபெர்ப் இதுக்குச் சரிவராது, கேர்னலில இருக்கிற, பக்கெற்றுகளை உருவாக்கி அனுப்பிற பிக்ட்ஜென்தான் வேணும். ஈத்டூல் கட்டளை காட்டிற கணக்கில மிஸ்ட் எரர் (தவறவிட்ட பக்கெற்) ஏறினால் சிபியு அள்ளி முடிக்கேல்லை. சிஆர்சி எரர் (பழுதாகி வந்த பக்கெற்) ஏறினால் கேபிளைப் பாருங்கோ. அனுப்பிறதும் வாங்கிறதும் ஒரே சிபியு எண்டபடியால், ஐஆர்க்யூபலன்ஸை (காட்டின்ர இன்ரரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடிற சேவை) நிப்பாட்டி, இரண்டுக்கும் வேற வேற கோர் ஒதுக்காமல் அந்தக் கணக்கை நம்பாதேங்கோ.

டிரைவர் உடையிறது பெரும்பாலும் ஓட்டத்துக்கு நடுவில: ரிங் (பக்கெற் காத்திருக்கிற வரிசை) அளவு, எம்டியூ மாத்தேக்க, அன்பைண்ட் (போர்ட்டில இருந்து டிரைவரைப் பிரிக்கிறது) செய்யேக்க. டிரைவர் மொடியூலை முழுக்கக் கழட்டினால் இரண்டு போர்ட்டும் போயிடும், அதால ஒரு போர்ட்டை மட்டும் அன்பைண்ட் செய்யுங்கோ. திரும்ப பைண்ட் செய்தால் அது பழைய நேம்ஸ்பேஸுக்குப் போகாது, நீங்கள்தான் தள்ளவேணும். கணினி உறைஞ்சால் லொக் மிஞ்சாது. மதர்போர்ட் லான் போர்ட்டால நெற்கொன்சோலை (கேர்னல் லொக்கை நெற்வேர்க்கால அனுப்பிறது) பழைய லப்ரொப் ஒண்டுக்கு அனுப்பி வையுங்கோ.

கோண்டாவில்:
ஒண்டு விட்டுப்போச்சு. இரண்டு நுனியிலயும் ஒரே டிரைவர் எண்டால், விலான் டாக்கை (பக்கெற் எந்த உப நெற்வேர்க்குக்குரியது எண்டு சொல்லிற அடையாளம்) அனுப்பேக்க பிழையா வைச்சு, வாங்கேக்கயும் அதே பிழையோட வாசிச்சிடும், ஒண்டும் தெரியவராது. கைமாத்தாவெண்டாலும் வேற கொம்பனிக் காட் ஒண்டை மற்ற நுனியில போட்டுப் பாருங்கோ.