செயலியை அணைத்தால் விண்மீன்கள் எல்லாம் ஒன்றுபோல் தெரிகின்றன. எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

மாடிவானம்:
வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு மாதமாக இரவு வானத்தைப் பார்த்து வருகிறேன். கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும்போது தெரியும் பெயர்களில் ஒன்றுகூட, அதை அணைத்த பிறகு மனத்தில் நிற்பதில்லை. பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களும் செயலி காட்டுபவையும் ஒன்றுதானா என்பதும் விளங்கவில்லை. பழக்கமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

கூர்நோக்கி:
இப்போது தை மாதம் என்பது உங்கள் நல்வாய்ப்பு. இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நின்று, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்களைத் தேடுங்கள். அவை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை. முதல் வாரம் அவை மட்டும் போதும். அவ்வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் இரவு விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸை அடைவீர்கள். வடமேற்கே நீட்டினால் செம்மஞ்சள் நிற ரோகிணியும், அதைத் தாண்டிச் சிறு கொத்தாகக் கார்த்திகையும் வரும். கச்சைக்கு வடகிழக்கில் செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை, அதாவது பெட்டல்ஜியூஸ். 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ரோகிணியைவிட ஒளி குன்றியிருந்ததை வெறுங்கண்ணாலேயே காண முடிந்தது. அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பழகிய கண்ணுக்குத்தான் இத்தகைய மாற்றம் புலப்படும். செயலியின் படத்தில் திருவாதிரை என்றும் ஒரே அளவுதான்.

மீன்கணக்கு:
பஞ்சாங்கக் கேள்விக்கு என் விடை: ஒன்றுமாகும், வேறுமாகும். நிலா விண்மீன்களிடையே ஒரு சுற்று வர 27 நாள்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆவதால், அதன் பாதையை 27 சம பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் அடையாள விண்மீனால் அழைத்தனர். எனவே சித்திரை என்பது ஸ்பைகா என்னும் விண்மீனையும் குறிக்கும், 13 பாகை (டிகிரி) 20 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கொண்ட ஒரு பகுதியையும் குறிக்கும். அகத்தியர் எனப்படும் கனோபஸ் சிரியஸுக்கு அடுத்த பிரகாசமுடையதாயினும் அந்த 27-இல் இல்லை. செயலி காட்டும் 88 விண்மீன் மண்டலங்களோ வானம் முழுவதையும் பங்கிட்டவை. மார்கழிப் பௌர்ணமி நிலா திருவாதிரையின் பக்கம் நிற்பதை அடுத்த ஆண்டு கவனியுங்கள்.

வடதிசை:
ஓர் எச்சரிக்கை. துருவ விண்மீன் மிகப் பிரகாசமானது என்று எண்ணிப் பலர் தேடி ஏமாறுகிறார்கள். அது நடுத்தர ஒளியுடையதே. அதன் உயரம் ஏறத்தாழ ஊரின் அட்சரேகைக்குச் சமமாதலால், திருச்சியில் 11 பாகைதான். நீட்டிய கையின் மூடிய முட்டி (விரல்களை மடக்கிய கை) 10 பாகை என்று கொண்டால், அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடக்கூடும்.

மாடிவானம்:
மிக்க நன்றி. நேற்று மூன்றையும் கண்டேன்; சிரியஸ் தென்னை மட்டைகளுக்கிடையே தெரிந்தது. சித்திரை மாதத்திலும் இதே நேரத்தில் இவை இருக்குமா?

கூர்நோக்கி:
இரா. விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதால், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் நகர்ந்துவிடும். அப்போது ஓரியன் மேற்கில் சாய்ந்திருக்கும். நீங்கள் வடக்கே திரும்பி, சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைத் தொடர்ந்து சென்றால் முதலில் சுவாதியையும் பிறகு சித்திரையையும் காண்பீர்கள்.